ஒரே கிண்ணத்தில் இரண்டு விடைகள்

ஏப்ரல் 6

வேதியியல் செய்முறை டீச்சர் அவர்களுக்கு,

மாலை நேரச் சான்றிதழ் வகுப்பு, பதிவு எண் 27 எழுதுகிறேன். எண்ணைச் சொன்னால் உங்களுக்கு ஞாபகம் வராது. வகுப்பிலேயே வயதில் மூத்தவள், எல்லோரும் அக்கா என்று கூப்பிடுவார்களே, அவள்தான். வயது நாற்பத்தேழு. சாயப்பட்டறையின் கலவை அறையில் பத்தொன்பது வருஷமாக வேலை பார்க்கிறேன். நேரில் வந்து கேட்டிருப்பேன். ஆனால் உங்கள் அலுவலகம் திறந்திருக்கும் நேரமெல்லாம் நான் சாயத் தொட்டிக்குப் பக்கத்தில் நிற்கிறேன்.

எழுத்துத் தேர்வில் எனக்கு எழுபத்தொன்று. செய்முறையில் ஐம்பதுக்குப் பன்னிரண்டு போட்டு என்னை ஃபெயிலாக்கிவிட்டீர்கள். இருபது எடுத்தால் போதும்.

கேட்டிருந்த கேள்வி ஒன்றுதான். முப்பது டிகிரியில் நூறு கிராம் தண்ணீரில் பொட்டாசியம் நைட்ரேட் எத்தனை கிராம் கரையும்? எப்படிச் செய்ய வேண்டும் என்று நீங்கள் சொல்லிக்கொடுத்தீர்களோ, அப்படியேதான் செய்தேன். இனிமேல் கரையாது என்று உப்பு அடியில் தங்கும் வரை போட்டுக் கலக்கினேன். வெந்நீர்த் தொட்டியில் முப்பது டிகிரியிலேயே அரைமணி நேரம் வைத்தேன். தெளிந்ததைப் பீங்கான் கிண்ணத்தில் ஊற்றி எடை போட்டேன். தண்ணீர் முழுக்க ஆவியாகும் வரை சூடாக்கி, மிஞ்சிய உப்பை எடை போட்டேன். கணக்குப் போட்டால் 53 வந்தது. 53 என்று எழுதினேன்.

நீங்கள் அதன் குறுக்கே கோடு போட்டு, பக்கத்தில் 45.8 என்று எழுதி, கீழே ‘கவனக்குறைவு’ என்று ஒரு வார்த்தையும் எழுதியிருக்கிறீர்கள். மதிப்பெண் குறைந்ததைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். அந்த வார்த்தைதான் தொண்டையில் நிற்கிறது. கலவை அறையில் நான் ஒரு கை உப்பைக் கவனக்குறைவாகப் போட்டால் ஐந்நூறு மீட்டர் துணி திட்டுத்திட்டாகிவிடும். பத்தொன்பது வருஷத்தில் அப்படி ஒரு நாள்கூட ஆனதில்லை.

எங்கள் பட்டறையின் பரிசோதனை அறையில் உதவியாளர் இடம் ஒன்று காலியாக இருக்கிறது. மே 15-க்குள் இந்தச் சான்றிதழைக் கொடுக்க வேண்டும். சாயத்தூள் என் நெஞ்சில் இறங்கி இரண்டு வருஷமாக இளைப்பு. “மாத்திரை எத்தனை வேணும்னாலும் எழுதித் தரேம்மா. அந்த ரூமை விட்டு வெளிய வந்தாத்தான் சரியாகும்” என்று டாக்டர் சொல்லிவிட்டார். எனக்குத் தெரிந்து வெளியே வர வேறு வழியில்லை.

என் விடையைத் திரும்பப் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
பதிவு எண் 27


ஏப்ரல் 10

அம்மா அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. உடல்நிலை பற்றிப் படித்து வருந்தினேன். ஆனால் மதிப்பெண் வருத்தத்தின் பேரில் போடுவதல்ல.

கரைதிறன் என்பது ஒரு பொருளின் குணம். பொட்டாசியம் நைட்ரேட்டுக்கு முப்பது டிகிரியில் அது 45.8 கிராம். நீங்கள் செய்தாலும் நான் செய்தாலும் அதுதான். 53 வருவதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். உப்பு முழுவதும் காயாமல் ஈரத்தோடு எடை போட்டிருக்கலாம். தெளியாத கரைசலோடு கரையாத உப்புத் துகள்களும் கிண்ணத்தில் விழுந்திருக்கலாம். எடையைத் தப்பாகப் படித்திருக்கலாம். மூன்றுக்கும் பெயர் கவனக்குறைவுதான்.

அன்று முப்பத்திரண்டு பேர் இதே சோதனையைச் செய்தார்கள். முப்பத்தொரு பேருக்குச் சரியாக வந்திருக்கிறது. அடுத்த தேர்வு நவம்பரில். இன்னும் கொஞ்சம் பயிற்சி எடுத்துக்கொண்டு வாருங்கள்.

செய்முறை ஆசிரியை


ஏப்ரல் 13

டீச்சர்,

உங்கள் கடிதத்தை என் வீட்டுக்காரர் படித்துவிட்டு, “நவம்பர்ல பாத்துக்கலாம், விட்டுத் தள்ளு” என்றார். அவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். “கோளாறு எங்கன்னு தெரியாம லிஃப்டை ஓட்டச் சொன்னா ஓட்டுவீங்களா?” என்று கேட்டேன். கருவிப் பையை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார்.

ஈரம் என்கிறீர்கள். நான் மூன்று முறை காய வைத்து மூன்று முறை எடை போட்டேன். கடைசி இரண்டும் ஒன்றே: 38.34. ஏட்டில் எழுதியிருக்கிறேன். படித்தீர்களா? துகள் என்கிறீர்கள். அரைமணி நேரம் தெளியவிட்டு, மேலாகச் சரித்து, பாதியிலேயே நிறுத்திக்கொண்டேன். உப்பு எப்போது அடியில் தங்கும், எப்போது மிதந்து வரும் என்று எனக்கு நீங்கள் சொல்ல வேண்டாம். எங்கள் தொட்டியில் உப்புக்கரைசல் சரியான செறிவில் இருக்கிறதா என்று தினமும் மிதவைக்குழாய் விட்டுப் பார்க்கிறவள் நான். ஒரு கோடு ஏறினால் சாயம் துணியில் அவசரமாக ஒட்டும், ஒரு கோடு இறங்கினால் ஒட்டவே ஒட்டாது.

வயதில் நீங்கள் எனக்கு இருபது வருஷம் சின்னவர். படிப்பில் பெரியவர். அதனால் மரியாதையோடு ஒன்று கேட்கிறேன். முப்பத்தொரு பேருக்கும் 45.8 வந்தது என்கிறீர்களே, உங்களுக்கு அது வேடிக்கையாகத் தெரியவில்லையா? எங்கள் பட்டறையில் முப்பத்தொரு தொட்டியும் ஒரே அளவு காட்டினால், தொட்டியை யாரும் மெச்சமாட்டார்கள். அளவெடுத்தவனைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள்.

இன்னொன்று. கிண்ணம் போதவில்லை என்று இரண்டு பேருக்கு ஒரு கிண்ணம் கொடுத்தீர்கள். எடையை இரண்டு பேரும் சேர்ந்து பார்த்து அவரவர் ஏட்டில் எழுதினோம். ஒரே உப்பு, ஒரே தராசு. என் கிண்ணத்தின் இன்னொரு சொந்தக்காரருக்கு எத்தனை வந்தது என்று பாருங்கள்.

27


ஏப்ரல் 19

அம்மா,

உங்கள் கடிதத்தை இரண்டு நாள் மேசை இழுப்பறையிலேயே வைத்திருந்தேன். பதில் எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். அப்புறம் பொறுக்க முடியாமல் அலமாரியைத் திறந்து முப்பத்திரண்டு ஏடுகளையும் எடுத்தேன்.

எண் 26-ம் நீங்களும் ஒரே கிண்ணம். காலிக் கிண்ணம் 31.20, இருவருக்கும் ஒன்றே. கரைசலோடு 51.80, அதுவும் ஒன்றே. காய்ந்த உப்போடு உங்களுக்கு 38.34, எண் 26-க்கு 37.67. ஒரே கிண்ணத்துக்கு ஒரே தராசில் இரண்டு எடை வராது. இரண்டில் ஒன்றை உங்கள் இருவரில் யாரோ ஒருவர் மாற்றி எழுதியிருக்கிறார். 37.67 என்று வைத்தால் விடை சரியாக 45.8 வருகிறது. அதையும் கவனித்தேன்.

மற்ற முப்பது ஏடுகளும் 45.5-க்கும் 46.1-க்கும் நடுவில்தான். ஒவ்வொன்றுக்கும் அன்று ‘நன்று’ என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

ஆனால் எல்லோரும் காப்பி அடித்தார்கள் என்று நீங்கள் ஜாடையாகச் சொல்வதை வைத்து நான் எதுவும் செய்ய முடியாது. எண் 26 எடையை மாற்றினார் என்று பெயர் போட்டு எழுத்தில் புகார் கொடுங்கள். விசாரிக்கிறேன். இல்லையென்றால் இந்தப் பேச்சை இத்தோடு விடுங்கள். நான் இந்தக் கல்லூரியில் மூன்றாவது வருஷ ஒப்பந்தத்தில் இருக்கிறவள். ஜூனில் புதுப்பிக்க வேண்டும். ஜாடைப் பேச்சை நம்பித் துறைத்தலைவர் முன்னால் போய் நிற்க முடியாது.

உங்கள் 53 தவறு என்பதில் எனக்கு இன்னும் சந்தேகமில்லை. ஆனால் அது கவனக்குறைவால் வந்ததாகத் தெரியவில்லை. அதுதான் எரிச்சலாக இருக்கிறது.

செ. ஆசிரியை


ஏப்ரல் 22

டீச்சர்,

புகார் எழுதமாட்டேன்.

26 என் பட்டறைக்காரி. துணி அலசும் பிரிவு. வகுப்புக்கு நாங்கள் இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் வருவோம். பரிசோதனை அறை இடத்துக்கு அவளும் விண்ணப்பம் போட்டிருக்கிறாள். நான் அவளைக் கைகாட்டினால், இடத்துக்காகக் காட்டிக்கொடுத்தாள் என்பார்கள். போன கடிதத்தில் கிண்ணத்தைப் பற்றி எழுதினேனே, அது அந்த ஆசையில்தான் எழுதினேனோ என்று எனக்கே சந்தேகம். அதை எழுதாமல் இருந்திருக்கலாம். தபால் பெட்டியில் போட்ட பிறகு கை விட்டு எடுக்க முடிகிறதா?

நீங்கள் யாரையும் விசாரிக்க வேண்டாம். அதே தொட்டி, அதே உப்பு, அதே தராசு உங்களிடம்தானே இருக்கிறது? நீங்களே ஒரு தடவை செய்து பாருங்கள். 45.8 வந்தால் எனக்கு எழுதுங்கள். நவம்பருக்கு இப்போதே பணம் கட்டிவிடுகிறேன், உங்களைத் தொந்தரவும் செய்யமாட்டேன்.

27


மே 1

அக்கா,

வகுப்பில் எல்லோரும் கூப்பிடுவது போலக் கூப்பிடுகிறேன். ‘பதிவு எண் 27’ என்று எழுத இன்று கை வரவில்லை.

செய்தேன். முதல் தடவை 52.6.

என் கைதான் சரியில்லை என்று நினைத்தேன். உங்களுக்கு எழுதிய மூன்று காரணங்களையும் எனக்கே சொல்லிக்கொண்டேன். மறுநாள் இன்னும் நிதானமாகச் செய்தேன். 53.2. அதற்கு மறுநாள் புதுப் புட்டியிலிருந்து உப்பு எடுத்தேன், பக்கத்துத் துறையின் தராசை இரவல் வாங்கினேன். 52.9. எனக்கு அழுகை வந்துவிட்டது. புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெந்நீர்த் தொட்டி முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். முப்பது டிகிரித் தண்ணீர் என் மணிக்கட்டில் பட்டால் இவ்வளவு கதகதப்பாக இருக்கக் கூடாதே என்று அப்போதுதான் உறைத்தது.

இன்னொரு வெப்பநிலைமானி கொண்டுவந்து பக்கத்தில் விட்டேன். அது 34 காட்டியது. தொட்டியில் கட்டியிருந்ததைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். உள்ளே சிவப்புத் திரவம் அறுந்திருக்கிறது. ஒரு துண்டு மட்டும் பிரிந்து, குழாயின் உச்சியில் போய் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அளந்தேன், நான்கு டிகிரி நீளம். அந்தத் துண்டு மேலே போய்விட்டதால் மிச்சத் திரவம் எப்போதும் நான்கு டிகிரி குறைத்தே காட்டுகிறது. நாம் முப்பது என்று நம்பியபோதெல்லாம் தண்ணீர் முப்பத்துநான்கில் இருந்திருக்கிறது. சூடு ஏற ஏற இந்த உப்பு அதிகமாகக் கரையும். முப்பத்துநான்கு டிகிரிக்கு 53 என்பது சரியான விடை.

நன்றாக இருக்கும் வெப்பநிலைமானியை வைத்துக்கொண்டு, தண்ணீரை உண்மையான முப்பதுக்கு இறக்கியும் செய்துவிட்டேன். 45.9 வந்தது.

அன்று முப்பத்திரண்டு பேருக்கும் அந்த ஒரே தொட்டிதான். பதினாறு கிண்ணத்திலும் 53-ஐ ஒட்டித்தான் வந்திருக்க முடியும். முப்பத்தொரு பேர் பாடப்புத்தகத்தில் இருக்கும் 45.8 வரும்படி எடையை மாற்றி எழுதினார்கள், நான் ‘நன்று’ போட்டேன். தராசில் பார்த்ததை எழுதியது நீங்கள் ஒருவர்தான். உங்களை ஃபெயிலாக்கினேன். அந்த வெப்பநிலைமானியைத் தொட்டியில் கட்டியவளும் நான்தான்.

துறைத்தலைவரிடம் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு, “27-க்கு மட்டும் கருணை மதிப்பெண்னு எட்டு போட்டு பாஸ் பண்ணிடுங்க. மத்ததைக் கிளறாதீங்க. வேணும்னா நாளைக்கே சான்றிதழ் தரேன்” என்றார். உங்களைக் கேட்டுச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

மே 15-க்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. இந்த வழியில் போனால் உங்களுக்கு இடம் கிடைத்துவிடும். நீங்கள் சரி என்றால் நானும் சரி. என்ன செய்யட்டும்?

செ. ஆசிரியை


மே 4

டீச்சர்,

கடிதத்தை நின்றபடியே படித்தேன். 52.6 என்ற இடத்தில் கத்திவிட்டேன். வீட்டுக்காரர் பக்கத்து அறையிலிருந்து ஓடிவந்து, “இளைப்பா? மருந்து எடுக்கட்டுமா?” என்று பதறினார். “இல்லைங்க, என் கணக்கு சரிங்க!” என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் உட்கார்ந்து என்னோடு சேர்ந்து சிரித்தார்.

அப்புறம் கடைசிப் பக்கத்தைப் படித்தேன். சிரிப்பு போய்விட்டது.

உண்மையைச் சொல்கிறேன். உடனே ஒரு தாளை எடுத்து ‘சரி, போட்டுவிடுங்கள்’ என்று எழுதினேன். மடித்து உறையிலும் போட்டேன். காலையில் வேலைக்குப் போகும்போது பையில் இருந்தது. வழியில் மூன்று தபால் பெட்டி. மூன்றையும் தாண்டிப் போய்விட்டேன். மாலையில் கிழித்துப் போட்டேன்.

தப்பாகச் செய்தவளுக்குத்தான் கருணை மதிப்பெண். நான் என்ன தப்பு செய்தேன்? அந்தச் சான்றிதழைக் கையில் வாங்கினால், ‘ஆமாம், கவனக்குறைவுதான், பாவம் என்று விட்டுவிட்டார்கள்’ என்று நானே கையெழுத்துப் போட்டதாகிவிடும். என் 53 சரி என்று எழுதுங்கள். ஏன் சரி என்பதையும் எழுதுங்கள். அதற்கு உண்டான மதிப்பெண்ணைக் கொடுங்கள்.

அப்படி எழுதினால் மற்ற முப்பத்தொரு பேருக்கும் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. 26-க்கு என்ன ஆகும் என்பதும் தெரியும். அவர்கள் முகத்தில் நான் எப்படி விழிப்பேன் என்பதுதான் தெரியவில்லை. இருந்தாலும் அதைத்தான் கேட்கிறேன்.

27


மே 9

அக்கா,

நீங்கள் கேட்டபடியே எழுதிக் கொடுத்தேன். இரண்டு பக்கம். வெப்பநிலைமானியையும் ஒரு துணியில் சுற்றிக் கொண்டுபோய்த் துறைத்தலைவர் மேசையில் வைத்தேன்.

அவர் கத்தியதை எழுத வேண்டாம் என்று பார்க்கிறேன். முடிவை மட்டும் சொல்கிறேன். செய்முறைத் தேர்வு செல்லாது. முப்பத்திரண்டு பேருக்கும் மே 24 அன்று மறுதேர்வு.

முப்பத்திரண்டு பேருக்கும் என்றால் உங்களுக்கும் சேர்த்துத்தான்.

“அவங்க செஞ்சது சரி சார், அவங்க எதுக்குத் திரும்ப எழுதணும்?” என்று கேட்டேன். “தேர்வே செல்லாதுன்னு ஆனப்புறம் அதுல ஒருத்தருக்கு மட்டும் எப்படிம்மா மார்க் செல்லும்? விதியைப் படிச்சுட்டு வாங்க” என்றார். படித்தேன். விதி அப்படித்தான் இருக்கிறது. இரண்டு நாள் நடையாய் நடந்தேன், தேதியை 15-க்கு முன்னால் கொண்டுவரவாவது பார்த்தேன். நடக்கவில்லை. என் ஒப்பந்தம் என்ன ஆகும் என்று கேட்டதற்கு “பாக்கலாம்” என்றார்.

உங்கள் பட்டறை மேலாளருக்கு நடந்ததை விளக்கி, பத்து நாள் பொறுக்கும்படி கல்லூரித் தாளிலேயே எழுதி அனுப்பியிருக்கிறேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. உங்களுக்குக் கெடுதல் செய்ய வேண்டும் என்றே கிளம்பியிருந்தால்கூட இதைவிடப் பொருத்தமாகச் செய்திருக்க முடியாது.

செ. ஆசிரியை


மே 12

டீச்சர்,

நன்றாக இருக்கிறது. தப்பாக எழுதியவர்களுக்கு மறுதேர்வு, சரியாக எழுதியவளுக்கும் மறுதேர்வு.

மேலாளர் உங்கள் கடிதத்தைப் படித்தார். “காலேஜ்ல உங்களுக்குள்ள ஆயிரம் இருக்கும்மா. எனக்கு பதினஞ்சாந்தேதி பேப்பர் வேணும்” என்றார். 26-இன் சான்றிதழும் செல்லாது என்று ஆகிவிட்டதால் அவளையும் கூப்பிட்டு அதையே சொல்லியிருக்கிறார்.

அன்றிலிருந்து அவள் கேன்டீனில் வேறு மேசையில் உட்காருகிறாள். பஸ்ஸில் முன்பக்கம் ஏறுகிறாள். வகுப்பில் இருந்தவர்கள் இரண்டு பேர் கடைத்தெருவில் என்னைப் பார்த்து, “வாங்க தராசம்மா” என்றார்கள். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்கள். என்னால்தான் சிரிக்க முடியவில்லை.

24-ஆம் தேதி நான் எதற்கு வர வேண்டும் என்று ஒரே ஒரு காரணம் சொல்லுங்கள்.

27


மே 16

அக்கா,

காரணம் சொல்ல எனக்குத் தகுதியில்லை. தேர்வு எப்படி நடக்கும் என்று மட்டும் சொல்கிறேன்.

மூன்று தொட்டி வைக்கப் போகிறேன். மூன்றும் மூன்று வெப்பநிலை. எது எத்தனை டிகிரி என்று யாருக்கும் சொல்லமாட்டேன், வெப்பநிலைமானிகள் என் கையில் இருக்கும். ஆளுக்கு ஒரு கிண்ணம். கிண்ணங்களைப் பக்கத்துப் பள்ளியில் இரவல் கேட்டிருக்கிறேன். எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் விடை இருக்காது, தராசு காட்டுவதைத்தான் எழுதியாக வேண்டும். நீங்கள் வராவிட்டால், அப்படி ஒரு முறை செய்து பழகிய ஒரே ஆள் அந்த அறையில் இருக்கமாட்டார்.

வாருங்கள் அக்கா.

செ. ஆசிரியை


மே 29

டீச்சர்,

வந்தேன், எழுதினேன், நீங்களும் பார்த்தீர்கள். 50.4 என்று எழுதிக் கொடுத்தபோது உங்கள் முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. நல்லவேளையாக நேற்றே சான்றிதழ் வந்துவிட்டது. ஐம்பதுக்கு நாற்பத்துமூன்று. அந்தத் தொட்டி முப்பத்துமூன்று டிகிரி என்றும் புத்தகப்படி 51 என்றும் ஒரு துண்டுத்தாளில் எழுதி வைத்திருந்தீர்கள். அந்தக் குறைந்த 0.6 எங்கே போயிருக்கும் என்று எனக்குத் தெரியும். சரிக்கும்போது கிண்ணத்தின் விளிம்பில் கொஞ்சம் உப்பு பூத்து உதிர்ந்தது. அடுத்த தடவை கிண்ணத்தை முதலில் சூடாக்கிக்கொள்ள வேண்டும்.

பரிசோதனை அறை இடத்துக்கு 16-ஆம் தேதியே ஆள் போட்டுவிட்டார்கள். வேறு கிளையிலிருந்து ஒரு பெண் மாற்றலாகி வந்திருக்கிறாள். நல்ல மாதிரிதான், கோபப்பட முடியவில்லை. மேலாளர் என் சான்றிதழை வாங்கிப் பார்த்துவிட்டு, “அடுத்த காலியிடம் வரட்டும்” என்று கோப்பில் போட்டார். எப்போது வரும் என்று கேட்டேன். தெரியாது என்றார். நான் இன்னும் கலவை அறையில்தான் இருக்கிறேன். முகமூடியை மட்டும் புதிதாகக் கேட்டு வாங்கிவிட்டேன். அதற்கும் மூன்று தடவை கத்த வேண்டியிருந்தது.

உங்கள் மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. அதை மறைக்க விரும்பவில்லை. ஏப்ரலிலேயே ஒரு தடவை செய்து பார்த்திருந்தால் இவ்வளவும் இல்லை. ஆனால் செய்து பார்த்தபின் நீங்கள் அதை மூடிவைக்கவில்லை. உங்கள் ஒப்பந்தம் என்ன ஆயிற்று என்று எழுதுங்கள். நான் வந்து பேச வேண்டிய இடம் ஏதாவது இருந்தால் சொல்லுங்கள், ஒரு நாள் லீவு போட்டுவிட்டு வருகிறேன்.

மறுதேர்வு முடிந்து நான் பஸ் ஏறியபோது 26 உள்ளே இருந்தாள். பக்கத்து இடம் மட்டும்தான் காலி. நின்றுகொண்டே போயிருப்பேன், இளைப்பு விடவில்லை. உட்கார்ந்தேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பாலம் தாண்டியதும் அவள் திரும்பாமலே பேசினாள்.

“அக்கா, அன்னைக்கு எனக்கும் அம்பத்திமூணுதான் வந்துச்சு.”

“தெரியும்.”

“நீங்க அப்படியே எழுதுறதைப் பார்த்தேன். சொல்லலாம்னு நினைச்சேன், வேணாம் மாத்திக்கோங்கன்னு. அப்புறம், நீங்க ஃபெயிலானா அந்த இடம் எனக்குத்தானேன்னும் தோணுச்சு.”

அவள் அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். யாரும் கேட்கவில்லை. நானும் கிண்ணத்தைப் பற்றி உங்களுக்கு எழுதியதை அவளிடம் சொன்னேன். எதற்காக எழுதினேன் என்பதையும் சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள். இறங்குவதற்கு எழுந்தவள், “நாளைக்கு கேன்டீன்ல பார்க்கலாமா?” என்று கேட்டாள். எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை. ஆறிவிட்டது என்று சொல்ல வாய் வரவில்லை.

“வா, உட்காரலாம்” என்றேன். எனக்கு வந்தது அவ்வளவுதான் டீச்சர். இருந்ததைச் சொன்னேன்.

இப்படிக்கு,
அக்கா